பதினேழாவது குறிப்பை அடித்துவிடுங்கள்

'கிளம்பும் முன் நாற்பது' என்று நான் எழுதிய பட்டியல் உங்கள் போனில் இருந்தால், மேலே படிப்பதற்கு முன் அதைத் திறந்து பதினேழாவது குறிப்பை அடித்துவிடுங்கள். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிற யார் யாருக்கோ அது போய்ச் சேர்ந்திருக்கிறது. சென்ற வாரம் இங்கே ஒரு பர்கூர்க்காரர் புதிதாக வந்து இறங்கினார். ரயில் நிலையத்தில் என்னைப் பார்த்ததும் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னார்: "மேடம், உங்க லிஸ்ட்ல ஒன்னு விடாம செஞ்சிட்டுத்தான் ஃபிளைட் ஏறினன்."

"பதினேழும் செஞ்சீங்களா?"

"அதத்தான் மொதல்ல செஞ்சன். எங்கம்மாகிட்ட சத்தியமே வாங்கிட்டன்."

அன்றே அவரை வீட்டுக்குப் போன் போட வைத்து அந்தச் சத்தியத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவருக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

1

நேற்றோடு நான் ஜெர்மனி வந்து இரண்டு வருடம். அதற்கு வாழ்த்துச் சொன்ன மாதிரி நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது: நாய் வரி. இங்கே நாய் வளர்த்தால் ஊருக்கு வரி கட்ட வேண்டும். பதிவு செய்ததும் எண் பொறித்த தகர வில்லை ஒன்று தருவார்கள், நாயின் கழுத்தில் மாட்டுவதற்கு. என்னிடம் வில்லை இருக்கிறது. நாய் இல்லை. வில்லை என் சாவிக் கொத்தில் தொங்குகிறது.

நாய் வரும் முன்பே நாயைப் பதிவு செய்த அவசரக்காரி நான். எதையும் முன்கூட்டியே முடித்துவிட வேண்டும் எனக்கு. அந்த அலுவலகத்தில் போய் நின்று, அரைகுறை ஜெர்மனில் "எனக்கு ஒரு நாய் இருக்கிறது" என்று சொல்வதற்குப் பதில் "நான் ஒரு நாய்" என்று சொல்லிவிட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் முகம் மாறாமல் கேட்டார்: "அப்படியானால் உங்கள் உரிமையாளர் எங்கே?" இந்தக் கதையை ஊருக்குப் போன் செய்து சொன்னபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் நாய் காணாமல் போய் அப்போது பத்து மாதம் ஆகியிருந்தது. அது அப்பாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

2

நாயின் பெயர் போல்ட். சிப்காட்டில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை வாசலில், ஸ்கிராப் தொட்டிக்கு அடியில் கிடைத்த குட்டி. வார்ப்படப் பாகங்களில் பிசிறு, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை எனக்கு. பெயர் வேறு எங்கிருந்து வரும்? ஷிப்ட் பஸ் மாலை ஐந்தரைக்கு எங்கள் தெருமுனையில் என்னை இறக்கிவிடும். ஐந்து இருபதுக்கே அது காம்பவுண்டு கேட்டின் கீழ்க் கம்பியில் தாடையை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக் கிடக்கும்.

அம்மா நான் பத்தாவது படிக்கும்போதே போய்விட்டார். சுமதி அக்காவைக் காவேரிப்பட்டினத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அப்பா முப்பது வருடம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். நாகரசம்பட்டியில் தன் பங்குக்கு வந்ததை விற்று ஓசூரில் ஒரு சைட் வாங்கி வீடு கட்டினார். நான் கிளம்பினால் அந்த வீட்டில் மிச்சம் இருப்பது அப்பாவும் போல்ட்டும்தான். அதனால்தான் பட்டியலே எழுதினேன். மோட்டார் எத்தனை நிமிடம் ஓட வேண்டும், பத்திரத்தின் நகல் எங்கே, பிரஷர் மாத்திரை எப்போது, போல்ட்டுக்கு ஊசி என்றைக்கு, எல்லாம் நாற்பது குறிப்பு. லேமினேஷன் போட்டு பிரிட்ஜில் ஒட்டினேன். பிறகு ஆர்வக்கோளாறில் அதையே பொதுவாக மாற்றி எழுதி வாட்சப் குரூப்பில் போட்டேன். அது பறந்தது.

பதினேழாவது குறிப்பு இது: 'புது வேலையில் முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடியும்வரை வீட்டுச் சங்கடங்களைப் போனில் சொல்ல வேண்டாம் என்று வீட்டாரிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். சொன்னால் அங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது, வேலை மட்டும் கெடும்.' எங்கள் வீட்டுப் பிரதியில் அதற்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தேன்.

கிளம்புகிற அன்று அப்பா அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். "சங்கடம்னா எதுவரைக்கும் கண்ணு?"

"எதுவா இருந்தாலும்பா. நான் ஸ்ட்ராங்கா நின்னாத்தான் நமக்கு நல்லது."

"சரி" என்றார். ஸ்டோரில் சாமான் கேட்டு வரும் இன்டென்ட் சீட்டை வாங்கிக்கொள்கிற மாதிரியான சரி.

3

வந்த பிறகு ஞாயிறு தவறாமல் வீடியோ கால். அப்பா வெளிர் பச்சைச் சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காருவார். பின்னால் மளிகைக் கடைத் தேதிக் காலண்டர். "போல்ட் எங்கப்பா?" என்பேன். "இப்பத்தான் மாடிக்குப் போனான்", "குளிப்பாட்டி வெளிய கட்டியிருக்கறன்." பிறகு வாரத்தில் ஒருநாள் போல்ட் வீடியோ வாட்சப்பில் வரும். நான் பார்த்துவிட்டுத் தூங்குவேன்.

எட்டாவது மாதம், ஊருக்குப் போன ஒரு நண்பரிடம் இருட்டில் மின்னும் நீலக் கழுத்துப் பட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். வீட்டு முகவரியும் கொடுத்தேன். "வீட்டுக்கு எதுக்கு அலையணும், பஸ் ஸ்டாண்டுக்கே வந்து வாங்கிக்கறன்" என்று அப்பா அவரிடம் சொல்லியிருக்கிறார். எவ்வளவு நல்ல மனசு என்று நண்பர் மெச்சினார். அதற்குப் பிறகு வந்த வீடியோக்களிலும் போல்ட் கழுத்தில் பழைய பழுப்புப் பட்டைதான். அக்காவிடம் கேட்டேன்.

"புதுசு உறுத்துதுன்னு கழட்டி வெச்சிருக்காருடி. எதையாவது நோண்டிக்கினே இரு நீ."

நான் பிசிறு பார்த்துப் பிழைப்பவள். மயிரிழை வெடிப்பு என் கண்ணுக்குத் தப்பாது என்று சூப்பர்வைசரிடம் பெயர் வாங்கியவள். அந்த வீடியோக்களில் வாசலில் கிடந்த செருப்பு என்னுடையது. நான் அதைப் போட்டுக்கொண்டுதான் ஏர்போர்ட்டுக்குப் போனேன். அது எப்படித் திரும்ப வாசலுக்கு வந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

4

ஒரு வருடம் ஆனதும் வேலை நிரந்தரம் ஆனது. போல்ட்டை இங்கே கொண்டுவர முடிவு செய்தேன். இங்கே நாய் வைத்துக்கொள்ள வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அதற்காக வீடு மாறினேன். யாரையாவது கடித்தால் ஈடுகட்ட இன்சூரன்ஸ் எடுத்தேன். வரிப் பதிவு செய்து வில்லையும் வாங்கினேன்.

ஊரில் செய்ய வேண்டியதும் நிறைய. இதைக் கவனமாகப் படியுங்கள், பலர் இதில்தான் சறுக்குகிறார்கள். முதலில் மைக்ரோசிப், அதன் பிறகே வெறிநாய்க்கடித் தடுப்பூசி. வரிசை மாறினால் போட்ட ஊசி செல்லாது. ஊசி போட்டு ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆக, ஆரம்பிக்கும் நாள்தான் முக்கியம். "நாளைக்கே சிப் போட்ருங்கப்பா" என்றேன்.

நாளை வந்தது. டாக்டர் லீவு. அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் போல்ட்டுக்குக் கால் சுளுக்கு. ஐந்தாவது வாரம் பொறுமை போய் டாக்டருக்கே போன் செய்தேன்.

"போல்ட்டா? ஞாபகம் இருக்கும்மா, ஊசின்னா மேசைக்கு அடியில பூந்துக்குமே. ஆனா அவன் இங்க வந்தே ஒரு வருஷம் ஆச்சேம்மா. நீங்கதான் ஜெர்மனிக்குக் கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னு உங்க தெருவுல சொன்னாங்க?"

அந்த வாரமே டிக்கெட் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

5

பெங்களூரில் இறங்கி, நெரிசலில் ஊர்ந்து அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் வர மூன்று மணி நேரம். எங்கள் வீட்டு கேட்டைத் திறந்தது நான் பார்த்தே இராத ஒரு பெண். இடுப்பில் குழந்தை, கையில் கரண்டி. அரைகுறைத் தமிழில், "ஓனர் இல்ல. காவேரிப்பட்டினம்" என்றாள். என் வீட்டு வாசலில் என்னிடம்.

அதே டாக்சியில் அக்கா வீட்டுக்குப் போனேன். முன்னறையில் அப்பா. அதே வெளிர் பச்சைச் சுவர், அதே காலண்டர். ஓசூர் வீட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டை மாமா, அக்காவின் கணவர், எடுத்துப்போய் அந்த அறைக்கு அடித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்பா பாதியாக இளைத்திருந்தார்.

அக்காதான் பேசினாள். நான் கிளம்பிய நாலாவது மாதம் அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஓசூரில் பார்த்து, பெங்களூருக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். தனியாக விடக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் காவேரிப்பட்டினத்துக்குக் கூட்டி வந்தாகிவிட்டது. அக்காவின் மாமியாருக்கு இளைப்பு, நாய் முடி ஆகாது. வீட்டைக் குடித்தனத்துக்கு விட்டு, போல்ட்டை நாட்றாம்பாளையத்தில் மாமாவுக்குத் தெரிந்த ஒரு விவசாயியிடம் ராகிக் காட்டுக் காவலுக்கு விட்டிருக்கிறார்கள். பதினொன்றாவது நாளே அவனைக் காணோம். வாராவாரம் எனக்கு வந்ததெல்லாம் நான் ஊரில் இருந்தபோது எடுத்த வீடியோக்கள்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"யாரு சொல்ல வேணாம்னது? நீதானே எழுதி ஒட்டின, சிவப்புக் கோடு போட்டு!" அக்கா உள்ளே போய் அந்த லேமினேஷன் அட்டையை எடுத்து வந்து என் முன்னால் போட்டாள். அதையும் பத்திரமாகக் கொண்டு வந்திருந்தார்கள். "ஆறு மாசம் முடிஞ்சதும் சொல்லலாம்னுதான் இருந்தோம். அதுக்குள்ள நாய் இல்ல. இல்லாத நாய எப்படிடி சொல்றது?"

"தேடியிருக்கலாமே. போட்டோ போட்டு ஒரு வார்த்தை..."

"எங்க போடறது? ஓசூர் குரூப்புல நீ இருக்கற, கிருஷ்ணகிரி குரூப்புல நீ இருக்கற, நாய் பூனை குரூப்புல அட்மினே நீதான். போட்டா மொதல்ல நீதான் பார்ப்ப. உனக்குத் தெரிஞ்சிடும்னுதான் தேடல."

இந்த ஒரு வாக்கியத்தை நான் இன்னும் விழுங்கவில்லை. நெஞ்சு வலியை மறைத்ததை ஒருவாறு புரிந்துகொள்ள முடிகிறது. வீட்டை வாடகைக்கு விட்டதும் போகட்டும். ஒரு உயிர் மலைப்பாதையில் தனியாக நடந்து கொண்டிருக்கும்போது, எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, மூன்று பெரியவர்கள் சேர்ந்து உட்கார்ந்து தேட வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் பாசமாம்.

அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "உன் வேலை கெடக்கூடாதுன்னு கண்ணு."

6

மறுநாள் கார் எடுத்துக்கொண்டு நாட்றாம்பாளையம் போனேன். வேண்டாம் என்று சொல்லியும் அப்பா முன் சீட்டில் ஏறிக்கொண்டார். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி தாண்டி மலைச் சரிவு.

அந்த விவசாயி மாதையன், ஐம்பது வயதிருக்கும். மோர் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"நல்ல நாயிம்மா. பன்னி வந்தா ஊரையே எழுப்பிரும். ஆனா சாயங்காலம் ஆனா காட்டுல நிக்காது. அஞ்சு மணிக்குமேல ரோட்டுக்கு ஓடிப்போயி பஸ்ஸு வர்ற பக்கமே பாத்துக்கினு கெடக்கும். இன்னாத்துக்குன்னு எனக்கு வெளங்கல."

எனக்கு விளங்கியது.

"ஒரு நாளு பஸ்ஸு பின்னாடியே ஓடிப் போயிருச்சு. நானும் வண்டி எடுத்துக்கினு அஞ்செட்டி மட்டும் போயிப் பாத்தன். இருட்டிப்போச்சு. அன்னைக்கே உங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னனே? ஆளு அனுப்பறீங்களா, நாளைக்கு நானும் கூட வர்றன்னு சொன்னன். பரவால்ல, உட்ருங்கன்னாங்க."

"யாரு சொன்னாங்க? எங்க மாமாவா?"

மாதையன் என் தோளுக்கு மேலே பார்த்தார். பின்னால் அப்பா காரில் சாய்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எந்தத் தேதிப்பா?" என்று மட்டும் கேட்டேன். தேதி தெரிந்தால் அன்றைய பஸ் ஓட்டுநரையாவது பிடிக்கலாம் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை.

"ஞாபகம் இல்ல கண்ணு."

மாதையனுக்கும் ராகி விதைத்த சமயம் என்பதற்கு மேல் தெரியவில்லை.

தேன்கனிக்கோட்டையில் போல்ட் போட்டோவுடன் நோட்டீஸ் அடித்து, திரும்ப அஞ்செட்டி வரை ஒவ்வொரு டீக்கடையாக ஒட்டினோம். அப்பா கடைக்காரர்களிடம் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றிக் கெஞ்சினார். "நாயா? ஒரு வருஷம் ஆச்சா? இப்ப வந்து தேடறீங்களே சார்" என்று ஒருவர் சிரித்தார். ஒரு மேட்டில் ஏறும்போது அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஒன்னுமில்ல, மூச்சு வாங்குது. உங்கக்காகிட்ட சொல்லிராத, கத்துவா."

அவர் முகத்துக்கு எதிரிலேயே அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அக்கா எங்கள் இருவரையும் சேர்த்து நார் நாராகக் கிழித்தாள். அவள் சொன்ன மாத்திரையைப் பையில் தேடி எடுத்து அப்பா நாக்கின் அடியில் வைத்தேன். பத்து நிமிடத்தில் முகம் தெளிந்தது. வாய் திறக்க முடிந்ததும் அவர் கேட்டது: "இதுக்குப் போயி அவள ஏன் பதற வெச்ச?"

இந்த மனிதரோடு நான் எந்த மொழியில் பேசுவது?

7

திரும்பி வந்து பட்டியலைத் திருத்தினேன். அப்படியே தருகிறேன்.

வீடியோ காலில் ஆளை மட்டும் பார்க்காதீர்கள். எழுந்து வாசல் வரை நடக்கச் சொல்லுங்கள். சுவரை நம்பாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் எண் உங்களிடம் தனியாக இருக்கட்டும், உறவாக இல்லாத ஒருவர். வீட்டைப் பார்த்துக்கொள்ள யாருக்காவது பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தால், இன்ன வேலைக்கு மட்டும் என்று எழுதுங்கள். வில்லங்கச் சான்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆன்லைனில் நீங்களே எடுத்துப் பாருங்கள். என் வீட்டுக்கு வில்லங்கம் ஏதும் வரவில்லை, ஆனால் வந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

அப்பா அம்மாவின் டாக்டர் எண், ரத்த வகை, மாத்திரைச் சீட்டின் போட்டோ, இன்சூரன்ஸ் அட்டை எல்லாம் உங்கள் போனில் இருக்கட்டும். நலமா என்று கேட்காதீர்கள். எந்த ஊரில் கேட்டாலும் நலம் என்றுதான் பதில் வரும். கடைசியாக எப்போது ஆஸ்பத்திரி போனீர்கள், சீட்டைக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

நாயை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்றால் சிப்பை நீங்களே போட்டுவிட்டுக் கிளம்புங்கள். அந்த ஒன்றைச் செய்திருந்தால் யாராவது, எங்காவது, ஒரு டாக்டரிடம் கொண்டுபோகும் அன்று என் எண் கிடைத்திருக்கும். நாற்பது குறிப்பு எழுதிய எனக்கு அது தோன்றவில்லை.

பதினேழு இப்போது இப்படி இருக்கிறது: 'எல்லாவற்றையும் அன்றே சொல்லச் சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும்.'

8

நகராட்சிக் கடிதத்துக்குப் பதில் அனுப்ப வேண்டும். பதிவை நீக்க ஒரு படிவம். காரணத்துக்கு மூன்று கட்டங்கள். நாய் இறந்துவிட்டது. ஓடிவிட்டது, தேதி குறிப்பிடவும். வேறொருவரிடம் ஒப்படைக்கப்பட்டது, அவர் பெயர், முகவரி, கையொப்பம், தேதி.

இறந்துவிட்டது என்று டிக் செய்ய எனக்குக் கை வரவில்லை. ஓடிவிட்டது என்பதற்குத் தேதி இல்லை. கடைசியில் மூன்றாவதில் டிக் செய்து அப்பாவின் பெயரை எழுதினேன். முகவரிக்கு நேராக ஓசூர் என்று பழக்கத்தில் எழுதி, அடித்துவிட்டு, காவேரிப்பட்டினம் என்று எழுதினேன். அந்த ஊரை அப்பாவின் முகவரியாக எழுதியது அதுதான் முதல் தடவை. படிவத்தை அப்பாவுக்கு அனுப்பி, பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

போன் வந்தது. "இது என்னா பேப்பர் கண்ணு?"

"போல்ட்ட உங்ககிட்ட ஒப்படைச்சன்னு பேப்பர்ப்பா."

பின்னால் அக்கா வீட்டு மிக்சி ஓடி நின்றது.

"எந்தத் தேதி போடட்டும்?"

"உங்களுக்குத் தெரிஞ்சதப் போடுங்க."

முப்பது வருடம் ஸ்டோரில் இருந்தவர். கையெழுத்துக்குக் கீழே தேதி போடாமல் அவர் ஒரு சீட்டைக்கூட நகர்த்தியதில்லை. அரை மணி நேரத்தில் போட்டோ வந்தது. நேரான, அடித்தல் இல்லாத கையெழுத்து. கீழே தேதி. அது அன்றைய தேதி இல்லை, நான் கிளம்பிய தேதியும் இல்லை. போன வருடத்து ஒரு புதன்கிழமை. போட்டோவுக்கு அடியில் ஒரு வரி: 'மாதையன் போன் பண்ண நாள்.'

நாட்றாம்பாளையத்தில் என்னிடம் ஞாபகம் இல்லை என்று சொன்ன நாள்.

வாட்சப்பில் எங்கள் உரையாடலை அந்தப் புதன்கிழமை வரை பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். ஊர் நேரம் இரவு எட்டேகாலுக்கு அப்பா ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். போல்ட் கேட்டின் கீழ்க் கம்பியில் தாடையை வைத்துத் தூங்குகிறான். ஓரத்தில் என் செருப்பு. கீழே அப்பா எழுதியிருந்தார்: 'பையன் சமத்தா தூங்கறான். நீ சாப்டியா கண்ணு?'

நான் மூன்று இதயம் அனுப்பியிருக்கிறேன்.